ஊரால் அழைக்கப்பட்டவர்கள்

கொடிவழி எழுதும் ஆர்வம் அண்மைக் காலமாக நம் கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களில் பெருகி வருவது மகிழ்ச்சிக்குரியது. ஆறு தலைமுறை, ஏழு தலைமுறை என்று முன்னோரின் பெயர்களை நிரல்படத் தொகுத்து, மர உருவில் வரைந்து, அச்சிட்டு, உறவினர் கூடும் திருமண நாள்களில் வழங்குகின்றனர். அத்தகைய பட்டியல்கள் சிலவற்றைக் காணும் வாய்ப்பு எனக்கும் கிட்டியது. ராவுத்தர் பெருமக்களின் பெயர்கள் அவற்றில் பட்டப் பெயரோடும் அடைமொழியோடும் பிழையின்றி இடம் பெற்றுள்ளன. அவர்தம் மனைவியரின் நிலை வேறு. உள்ளூரிலேயே, உறவுக்குள்ளேயே மணம் முடித்தவராயின் பெயர் இருக்கிறது. இன்னார் மகள் என்பதும் தெரிகிறது. வெளியூரிலிருந்து வாழ வந்தவராயின் அந்தக் கட்டத்தில் பெயர் இல்லை. ஊர் மட்டுமே இருக்கிறது. ‘பெரியகுளத்தம்மா’, ‘கூடலூரம்மா’, ‘மலையாளத்து நன்னி’ என்பன போன்ற குறிப்புகளோடு அந்தக் கிளை முற்றுப் பெற்றுவிடுகிறது.

தமிழிலக்கியம் பயில்வோருக்கு இவ்வழக்கு புதியதன்று. ஊரோடு சேர்த்து மக்களை அழைப்பது நம் தொன்மரபு. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ஒக்கூர் மாசாத்தியாருக்கு ஊரும் இருக்கிறது, பெயரும் இருக்கிறது. நூறாண்டுக்கு முன் நம் வீட்டில் அடுப்பெரித்த நன்னிக்கு ஊர் மட்டும் எஞ்சியது. சிலப்பதிகாரத்தையே எடுத்துக்கொள்வோம். கூடலூருக்கு மேலே எல்லை மலையில் நிற்கும் மங்கலதேவிக் கோட்டத்தைக் கண்ணகியின் இடமென்று மக்கள் போற்றுகின்றனர். சித்திரை முழுநிலவன்று ஆயிரக்கணக்கானோர் மலையேறுகின்றனர். அவள் புகாரில் பிறந்தவள் என்பதையும், மாநாய்கன் மகள் என்பதையும் இளங்கோவடிகள் பதிவு செய்தார். அவளைப் பெற்ற தாயின் பெயர் அக்காப்பியத்தில் இல்லை. காப்பியத் தலைவிக்கே இந்நிலையெனில், சாதாரணக் குடும்பத்துப் பெண்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ!

அத்தை மகள், மாமன் மகள் என்னும் உரிமை மணமே நெடுங்காலம் நம்மிடையே வழக்கமாக இருந்தது. உறவுக்குள் மணந்தால் பெண்ணின் வரலாற்றை யாரும் எழுதி வைக்க வேண்டியதில்லை, ஊரே அறியும். வெளியிலிருந்து வந்த பெண்ணின் வரலாற்றை அறிந்தவர் அவர் ஒருவரே. அவர் மறைந்ததும் அதுவும் மறைந்தது. ஆகவே எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டியது எதுவோ அதுவே எழுதப்படாமற் போயிற்று. இப்பெண்களைத் தேடிக் கண்டறிவது இயலும் என்பதும், அதற்கான காலம் விரைந்து கழிந்து வருகிறது என்பதும் என் கருத்து.

வெளியூர் என்பது எது?

தேடப் புகுமுன் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ளல் நலம். ‘வேறு மாவட்டத்தில் பெண் எடுத்தார்கள்’ என்று இன்று நாம் எளிதாகச் சொல்கிறோம். நம் தேனி மாவட்டம் பிறந்ததே 1996இல்தான். அதற்கு முன் இது மதுரை மாவட்டம். திண்டுக்கல் 1985இல் தனி மாவட்டமாயிற்று. 1950இல் பெரியகுளத்து மணமகனுக்கும் நிலக்கோட்டை மணமகளுக்கும் நடந்த நிக்காஹ் ஒரே மாவட்டத்துக்குள் நடந்தது. இன்றைய வரைபடத்தில் அது மாவட்டம் கடந்த மணம். மறுபுறம், கூடலூரிலிருந்து குமுளிக்கு ஒரு பகற்பொழுதில் நடந்தே ஏறிவிடலாம். மதுரைக்கோ நூறு கிலோமீட்டருக்கும் மேல். எனினும் மதுரை சொந்த மாவட்டம், குமுளி அயல் அரசு. பெண் கொடுத்தவர்கள் வரைபடத்தைப் பார்த்துக் கொடுக்கவில்லை. கணவாய், சந்தை, ஏலத்தோட்டம் ஆகியவற்றின் வழியே கொடுத்தார்கள். குமுளி மலைப்பாதையும், கம்பம் மெட்டும், போடி மெட்டும் பொதிமாடுகளுக்கு மட்டுமன்றி மணமக்களுக்கும் வழியாயின. 1895இல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்து கிழக்கே வந்தபின் இப்பள்ளத்தாக்கு இருபோக நெல் விளையும் பூமியாயிற்று. தண்ணீர் பாயும் ஊருக்குப் பெண் கொடுக்கத் தயங்குவோர் யார்?

இதனால் தேடுவோர் அறிய வேண்டியது, பாட்டியின் ஊர் அன்று எந்த ஆட்சியின்கீழ் இருந்தது என்பதே. குமுளி, பீர்மேடு பகுதியை எடுத்துக்கொண்டால், அது முதலில் திருவிதாங்கூர் மன்னராட்சி, 1949இல் திருவிதாங்கூர்–கொச்சி, 1956இல் கேரளம். கோட்டயம் மாவட்டத்தில் இருந்த அப்பகுதி 1972 சனவரியில் இடுக்கி மாவட்டத்தின் பாகமாயிற்று. பெண் பிறந்த வீடு ஓர் அடிகூட நகரவில்லை. அவரைப் பற்றிய தாள் மட்டும் அலுவலகம் மாறி அலுவலகம் போயிருக்கக்கூடும்.

ஸல்மா என்னும் பெயர்

பெண்வழியை எழுதுவது நம் மரபன்று எனக் கூறும் பெரியோர் சிலர் உளர். அவர்தம் சிந்தனைக்கு ஒரு வரலாற்றுச் செய்தியை வைக்க விரும்புகிறேன். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் முப்பாட்டனார் ஹாஷிம், மக்காவைச் சேர்ந்தவர். வணிகப் பயணத்தின்போது யத்ரிப் நகரில் நஜ்ஜார் குலத்துப் பெண்ணை மணந்தார். அப்பெண்ணின் பெயர் ஸல்மா. அவர்தம் தந்தையின் பெயர் அம்ர். இவ்விருவரின் மகனே அப்துல் முத்தலிப். அவர் பிறந்ததும் சிறுவனாய் வளர்ந்ததும் தாயின் ஊராகிய யத்ரிபிலேதான். இரு தலைமுறைக்குப் பின் அன்னை ஆமினா தம் மகனை அதே ஊருக்கு உறவினரைக் காண அழைத்துச் சென்றார். கி.பி. 622இல் நாயகம் அவர்கள் ஹிஜ்ரத் செய்து மதீனா புகுந்தபோது தங்கிய இல்லம் அபூ அய்யூப் அன்ஸாரியுடையது; அவரும் நஜ்ஜார் குலத்தவர். இத்தனை நூற்றாண்டுகளுக்குப் பின்னும் ‘ஹாஷிம் யத்ரிபில் ஒரு பெண்ணை மணந்தார்’ என்று வரலாறு நிறுத்திக்கொள்ளவில்லை. பெயரும், தந்தை பெயரும், குலமும் காக்கப்பட்டதால் ஒரு நகரத்துக்கும் மற்றொரு நகரத்துக்கும் இடையிலிருந்த உறவு விளங்குகிறது. உறவைப் பேணுவதற்காகவேனும் உங்கள் வம்சத்தை அறிந்துகொள்ளுங்கள் என்ற கருத்துடைய நபிமொழி திர்மிதீ தொகுப்பில் உள்ளது. அதில் ஆண்வழி மட்டும் என்ற வரையறை இல்லை. மணமான பின்னும் பெண் தன் தந்தையின் மகளாகவே அறியப்படுதல் இஸ்லாமிய முறை. கணவரின் முதலெழுத்தைத் தலையெழுத்தாக்கியது பிற்காலத்துப் படிவங்களின் வேலை.

தாள்கள் பேசும் இடம்

இனி, எங்கே தேடுவது? நம்மவர் முதலில் தம் ஊர்ப் பள்ளிவாசலின் நிக்காஹ் தஃப்தரைப் புரட்டுகின்றனர், கிடைக்கவில்லையென்று ஓய்ந்துவிடுகின்றனர். நிக்காஹ் பெரும்பாலும் பெண் வீட்டாரின் மஹல்லாவில் நடப்பது. பதிவும் அங்கேயே இருக்கும். மணமகன் ஊரில் தேடினால் எவ்வாறு கிட்டும்? தஃப்தரில் மணமகள், மணமகன், அவர்தம் தந்தையர், வலீ, சாட்சிகள் ஆகியோரின் பெயர்களும் மஹர் தொகையும் பதியப்பெறும். வலீயாகத் தந்தையன்றிச் சிறிய தந்தையோ அண்ணனோ நின்றிருந்தால், மணநாளுக்கு முன்பே தந்தை காலமாகியிருக்கலாம் என்றும் ஊகிக்கலாம். சாட்சிகளில் ஒருவர் மணமகனின் ஊர்க்காரராக இருப்பதும் உண்டு. அவர் யார் என அறிந்தால், இரு ஊர்களையும் இணைத்தவர் எவ்வழியில் அறிமுகமானார் என்பது துலங்கும்.

மற்றொன்று, வெளியூர் மணமகன் தன் ஜமாஅத்திடமிருந்து கொண்டுசெல்லும் கடிதம். ‘இவர் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்தவர், இத்திருமணத்துக்குத் தடையில்லை’ என்னும் அந்தச் சிறு தாள், உள்ளூர் மணத்துக்குத் தேவைப்படாதது. ஊர் கடந்த மணத்துக்கே உரியது. பல இடங்களில் அது தஃப்தரின் பக்கத்தோடு குத்தி வைக்கப்பட்டோ, தனிக் கட்டாகவோ கிடக்கிறது. பேரேடுகளைக் காக்கும் முத்தவல்லிகள்கூட இக்கடிதக் கட்டுகளைக் குப்பையெனக் கருதி எரித்துவிடுவதைத்தான் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

1880ஆம் ஆண்டின் காஜிகள் சட்டம் காஜிகளை நியமிக்க வழி செய்ததேயன்றி, மணப்பதிவைக் கட்டாயமாக்கவில்லை. தமிழ்நாட்டில் எல்லாச் சமயத்தார்க்கும் திருமணப் பதிவு கட்டாயமானது 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். ஆக, அதற்கு முந்தைய நூறாண்டுக் காலத்துக்கு நம் பாட்டியரின் திருமணத்துக்குச் சான்றென நிற்பது பெரும்பாலும் பள்ளிவாசலின் அந்த ஒரே பேரேடுதான். படி கிடையாது. கரையான் அரித்தால் அதோடு முடிந்தது.

வாக்காளர் பட்டியலையும் சிலர் பரிந்துரைப்பர். 1951–52இல் நடந்த முதற் பொதுத்தேர்தலின்போது, நாட்டின் ஏறத்தாழ 8 கோடிப் பெண் வாக்காளர்களில் 28 இலட்சம் பேரின் பெயர்கள் நீக்கப்பட்டன. காரணம், அவர்கள் தம் பெயரைச் சொல்லாமல் ‘இன்னார் மனைவி’, ‘இன்னார் தாய்’ என்று மட்டுமே பதிந்ததுதான். இது பெரும்பாலும் வட மாநிலங்களில் நேர்ந்தது. நம் பக்கத்துப் பட்டியல்களில் பெயரும் வயதும் கிடைக்கும். ஆனால் பிறந்த ஊர் கிடைக்காது. எனவே அது துணைச் சான்றே.

எல்லாவற்றினும் செறிவான சான்று நாம் எதிர்பாராத ஓரிடத்தில் இருக்கிறது. அது சார்பதிவாளர் அலுவலகத்தில் உள்ள விடுதலைப் பத்திரம். தந்தை இறந்தபின் சகோதரர்கள் நிலத்தைப் பிரிக்கும்போது, மணமாகிப் போன சகோதரிகளை வரவழைத்து, தம் பாகத்தை விட்டுக்கொடுத்ததாகக் கையொப்பமோ பெருவிரல் ரேகையோ பெறும் பத்திரம் அது. ‘இன்ன ஊர் காலஞ்சென்ற இன்னாரின் மகளும், இன்ன ஊரில் வசிக்கும் இன்னாரின் மனைவியுமான இன்னார், வயது இவ்வளவு’ என்று அதில் எழுதப்படும். பிறந்த ஊர், புகுந்த ஊர், தந்தை, கணவர், வயது என ஓர் ஆய்வாளருக்கு வேண்டிய அனைத்தும் ஒரே தொடரில் வந்துவிடுகின்றன. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் உரிமையை விட்டுக்கொடுத்தால், 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி அதைப் பதிந்தே ஆகவேண்டும். ஆதலால் இப்பத்திரங்கள் அரசின் காவலில் இருக்கின்றன. பெயர்வாரியான அட்டவணையும் சொத்துவாரியான அட்டவணையும் அங்கு உண்டு. ஊர் மட்டுமே தெரிந்து பெயர் தெரியாத பாட்டியைத் தேடுவோர், கணவரின் பெயரையும் ஊரையும் கொண்டு, பெண் பிறந்த ஊரின் அலுவலகத்தில் தேட வேண்டும்.

ஒரு பெண்ணின் பெயரும் பிறப்பும் புகலிடமும் முழுமையாக எழுதப்பட்ட ஒரே தாள், அவர் தம் பங்கை இழந்த தாளாக இருக்கிறது. பெற்றோர் விட்டுச் சென்றதில், அது குறைவாயினும் நிறைவாயினும், பெண்களுக்கும் பாகம் உண்டு என்பது திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம் வகுத்த விதி. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் இவ்விதியை நாட்டின் சட்டமாக்கியது. ஆயினும் விவசாய நிலத்தை அது விலக்கி வைத்தது. நன்செய்யே செல்வமாகிய நம் பள்ளத்தாக்கில் அவ்விலக்கின் பொருளை விளக்க வேண்டியதில்லை. சென்னை மாகாணம் 1949இல் திருத்தம் கொணர்ந்து விவசாய நிலத்தையும் சட்டத்தின்கீழ் சேர்த்தது. ஆகவே அவ்வாண்டுக்குப் பிந்தைய விடுதலைப் பத்திரங்களை முதலில் பார்ப்பது பயன் தரும். மகளுக்குச் சட்டம் பங்கு தந்த பிறகு, நன்செய்க்கும் அவளுடைய கையொப்பம் தேவைப்பட்டது! தொலைவில் வாழ்க்கைப்பட்ட சகோதரிகள் ‘சீர் செய்தோமே’ என்ற ஒரு சொல்லில் பங்கை விட்டுச் சென்ற கதை எத்தனை வீடுகளில் உண்டு என்பதை இம்மலரைப் படிக்கும் பெரியோர் என்னினும் நன்கறிவர்.

மலைக்கு அப்பால் தேடுவோருக்கு வேறு சில இடர்ப்பாடுகள் உண்டு. ஈராற்றுப்பேட்டை, காஞ்சிரப்பள்ளி, தொடுபுழை முதலிய ஊர்களில் ராவுத்தர் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன; வீட்டில் தமிழ் வழங்கிய மூத்த தலைமுறையினர் இன்னும் சிலர் இருக்கின்றனர். அங்கே மக்களை அடையாளப்படுத்துவது வீட்டுப் பெயர். தலையெழுத்தை வைத்துக்கொண்டு தேடினால் ஒன்றும் அகப்படாது. வீட்டுப் பெயரைக் கேட்டறிந்து செல்ல வேண்டும். பழைய ஆவணங்களில் கொல்லம் ஆண்டே இருக்கும். மாதத்தைப் பொறுத்து 824 அல்லது 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். தஃப்தரில் உள்ள ஹிஜ்ரி ஆண்டுக்கோ இத்தகைய எளிய கணக்கு இல்லை. சந்திர ஆண்டு ஏறத்தாழ 11 நாள் குறைவாதலால், ஆண்டுதோறும் முன்னகர்ந்து கொண்டே வரும். ஹிஜ்ரி 1350 தொடங்கியது 1931 மே மாதத்தில் என்று ஓர் எல்லைக்கல்லை வைத்துக்கொண்டால் முன்னும் பின்னும் எண்ணலாம். ‘ஹஜ்ஜுப் பிறை’, ‘மௌலூதுப் பிறை’ என்று பேச்சு வழக்கில் எழுதியிருந்தால் துல்ஹஜ், ரபீஉல் அவ்வல் எனக் கொள்ள வேண்டும்.

தமிழ்த்துறையின் கடன் இங்குதான் தொடங்குகிறது. பழைய குறிப்பேடுகளிலும் குடும்பக் கடிதங்களிலும் அரபுத் தமிழ் உண்டு. அரபு எழுத்தில், தமிழுக்கே உரிய ஒலிகளுக்கெனக் குறிகள் கூட்டப்பெற்ற எழுத்தில், தமிழ் மொழியை எழுதியவை அவை. பள்ளிக்கூடம் காணாத நம் பாட்டியர் பலர் மதரஸாவில் இவ்வெழுத்தைக் கற்று, தாய்வீட்டுக்குக் கடிதம் எழுதினர். அதைத் தமிழறிந்தோர் அரபு என்று ஒதுக்கினர்; அரபு அறிந்தோர் பொருள் விளங்காமல் ஒதுக்கினர். நம் ஊர்களில் இன்று அதைச் சரளமாகப் படிக்க வல்லோர் பெரும்பாலும் முதியோர். நம் மாணவர்களிடம் கல்வெட்டு எழுத்தையும் வட்டெழுத்தையும் அறிமுகப்படுத்துகிறோம். பாட்டி வைத்துச் சென்ற தகரப் பெட்டியில் கிடக்கும் எழுத்தை அறிமுகப்படுத்துவதில்லை. பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மாலை வேளையில் ஆலிம் பெருந்தகை ஒருவர் அமர்ந்தால் இருபது மாணவர்கள் சில திங்களில் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகிவிடுவர்.

பழைய தஃப்தர்களைத் திறந்தால் பழைய பங்கு வழக்குகளும் திறக்கும் என்று ஜமாஅத்தார் அஞ்சுவதை நான் அறிவேன். அவ்வச்சத்தைப் பொருளற்றதென்று தள்ளிவிட மாட்டேன். மறுமணம், மணவிலக்கு முதலிய செய்திகளும் அப்பேரேடுகளில் உள. அவை அயலார் வாயில் விழலாகாது. ஆயினும் இதற்கு வழி உண்டு. எழுபத்தைந்து ஆண்டுகளைக் கடந்த ஏடுகளை மட்டும் படியெடுக்கலாம். மூலம் பள்ளிவாசலை விட்டு வெளியேறாமல் அங்கேயே ஒளிப்படம் எடுக்கலாம். எந்தக் குடும்பத்தின் பதிவையும் அக்குடும்பத்தாரின் இசைவின்றி அச்சிடுவதில்லை என்று துறை எழுதித் தரலாம். பங்கு பற்றிய அச்சத்துக்கு மட்டும் என்னிடம் ஆறுதல் இல்லை. ஒருவருக்குச் சேர வேண்டியது சேரவில்லையெனில், அதற்கான சான்றைக் கரையானிடம் ஒப்படைப்பது அமானிதத்தைக் காக்கும் முறையாகாது.

இன்னொரு கூட்டத்தார், இவ்வாராய்ச்சி குலப்பெருமையைத்தான் வளர்க்கும் என்பர். ஆண்வழிப் பட்டியல்கள் வளர்த்த பெருமையை நானும் கண்டிருக்கிறேன். பெண்வழியைச் சேர்த்து எழுதுங்கள். நான்கு தலைமுறைக்குள் ஒவ்வொருவரின் மரத்திலும் நான்கைந்து ஊர்களும், இரண்டு மாநிலங்களும், ஏர் உழுதவரும் தலைச்சுமை வணிகரும் வந்து நிற்பர். ‘நாங்கள் ஆதி முதல் இந்த ஊர்தான்’ என்று பேசுவது அதன்பின் சற்றுக் கடினமாகும்.

கோடை விடுமுறைக்கு முன் நம் துறை செய்யக்கூடிய பணி சிறியது. இரண்டாமாண்டு மாணவ மாணவியர் ஒவ்வொருவரும் தம் தாயின் தாய், அவர்தம் தாய், தந்தையின் தாய், அவர்தம் தாய் ஆகிய நால்வரின் பெயரையும், பிறந்த ஊரையும், தந்தை பெயரையும் ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். தெரியாத இடத்தை வெற்றிடமாக விட வேண்டும். ஊகித்து நிரப்பக் கூடாது. முஸ்லிம் மாணவர்கள் மட்டுமன்றி எல்லாச் சமூகத்து மாணவர்களும் இதைச் செய்யட்டும். வெற்றிடங்கள் எந்தெந்த ஊரைச் சுட்டுகின்றனவோ அந்தந்த ஊர் ஜமாஅத்துக்கும், சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் துறைத்தலைவரின் கடிதத்தோடு செல்லலாம். வீட்டில் எண்பது வயதைக் கடந்த பெண்மணி இருப்பின் அவரிடம் முதலில் செல்ல வேண்டும். ‘பெரியகுளத்தம்மாவின் பெயர் என்ன?’ என்று கேட்டால் பலருக்கு நினைவு வராது. ‘பெரியகுளத்தம்மாவை அவர்களுடைய தாய்வீட்டார் வரும்போது எப்படிக் கூப்பிடுவார்கள்?’ என்று கேட்க வேண்டும்.